பழைய வீடியோ கேம் கன்சோல் மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

1972-க்கும் 1986-க்கும் இடையில் வீடுகளுக்குள் வந்த கன்சோல்களுக்கானது இது. பெரும்பகுதி அடாரி 2600-க்கும் நிண்டெண்டோ என்இஎஸ்-க்கும் போகும், ஏனென்றால் பழுதுபார்க்கக் கைக்கு வருபவை பெரும்பாலும் அவைதாம். மற்றவை இடையிடையே தலைகாட்டும்.

சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது கெட்டுப்போனதா, பிறவியிலேயே இப்படியா? அந்தக் காலத்தில் கன்சோலை வடிவமைத்தவர்கள் மெமரியை எண்ணி எண்ணிச் செலவழித்தவர்கள். அவர்கள் மிச்சம் பிடித்த இடங்கள் பலவும் இன்றைய கண்ணுக்குக் கோளாறு போலத் தெரியும். அப்படிப்பட்ட 'கோளாறை'ச் சரிசெய்யப் போய் நல்ல போர்டைக் கெடுத்தவர்கள் நிறைய. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் அந்தப் பெட்டி ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பதும் சேர்ந்தே வரும். அது தெரியாமல் பிழை பிடிபடாது.

உயிரே இல்லை

முதல் சந்தேகம் அடாப்டர் மேல். அமெரிக்காவிலிருந்து வந்த கன்சோலோடு வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் பிளக்கில் அப்படியே செருகினால் புகைதான். உள்ளூரில் ஒன்று வாங்கிவிடுங்கள், ஆனால் எதை வாங்குவது என்பதில் கவனம் வேண்டும்:

- அடாரி 2600: 9 வோல்ட் டிசி, 500 மில்லிஆம்பியர். ஹெட்போன் பின் போன்ற 3.5 மிமீ பிளக், நுனி பாசிட்டிவ்.
- என்இஎஸ்: 9 வோல்ட் ஏசி, 1.3 ஆம்பியர். ஆம், ஏசிதான். டிசி-யாக மாற்றும் வேலையைப் பெட்டிக்குள் இருக்கும் டையோடுகள் பார்த்துக்கொள்ளும்.
- ஃபேமிகாம் (என்இஎஸ்-இன் ஜப்பானிய மூல வடிவம்): 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்பியர், நடுவில் நெகட்டிவ்.

என்இஎஸ்-க்கு டிசி கொடுத்தாலும் ஓடும், எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்றும் அது கவலைப்படாது. ஆனால் என்இஎஸ் அடாப்டரை எடுத்து ஃபேமிகாமில் செருகிவிடாதீர்கள். அதற்குள் ஏசி-யைத் திருத்தும் டையோடு கிடையாது. ஒரே கம்பெனி, ஒரே கேம்கள், அதனால் அடாப்டரும் ஒன்றுதான் என்று நினைத்து ஃபேமிகாமைக் கொல்வது மிகச் சுலபம்.

அடாரி 2600-இல் பவர் விளக்கே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 'லைட் எரியவில்லை' என்பது அங்கே அறிகுறியாகாது. மல்டிமீட்டரை எடுத்து 7805 ரெகுலேட்டரைப் பாருங்கள். மூன்று கால், ஒரு ஓரத்தில் அடாப்டரிலிருந்து வரும் மின்சாரம், நடுவில் கிரவுண்ட், மறு ஓரத்தில் 5 வோல்ட். பழைய அடாப்டர் என்றால் சுமையில்லாமல் அளக்கும்போது 9-க்குப் பதில் 12, 13 கூடக் காட்டும். அது இயல்பு. உள்ளே வருகிறது, 5 வோல்ட் வெளியே வரவில்லை என்றால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். உள்ளேயே வரவில்லை என்றால் பவர் ஸ்விட்ச் அல்லது பிளக் சாக்கெட். காண்டாக்ட் கிளீனர் அடித்து ஸ்விட்சைப் பலமுறை மேலும் கீழும் தள்ளினால் பாதி கேஸ்கள் தீர்ந்துவிடும்.

1982-இல் வந்த கோலிகோவிஷன் இதில் தனி ரகம். அதற்கு +5, −5, +12 என்று மூன்று வோல்ட்டேஜ் வேண்டும். அதன் வீடியோ மெமரி சிப்புகள் 4116 வகை, மூன்றும் சரியாக வந்தால்தான் அவை வேலை செய்யும். பவர் ஸ்விட்சில் ஒரு காண்டாக்ட் அழுக்கேறினால்கூடத் திரையில் குப்பை எழுத்துகள் வரும், −5 மட்டும் வராமல் போனால் மெமரியே பலியாகும். ஆகவே கோலிகோவில் குப்பைப் படம் என்றால் மெமரியை மாற்றுவதற்கு முன் ஸ்விட்சைச் சுத்தம் செய்யுங்கள். கேம் தொடங்கப் பத்து விநாடிக்கு மேல் தலைப்புத் திரையிலேயே நிற்கிறதா? அது அப்படித்தான், பொறுங்கள்.

பவர் வருகிறது, டிவியில் புள்ளி மழை

அடாரியின் பின்னால் இருந்து வரும் ஆர்சிஏ வயரைப் பார்த்ததும் டிவியின் மஞ்சள் சாக்கெட்டில் செருகத்தான் கை போகும். அதில் ஒன்றும் வராது. பிளக் ஒன்றுபோல இருந்தாலும் அந்த வயரில் போவது ஆர்எஃப்; ஒரு குட்டி டிவி நிலையமே பெட்டிக்குள் இருந்து ஒளிபரப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஆன்டெனா சாக்கெட்டுக்குள் போக வேண்டும், டிவி அனலாக் டியூனரில் இருக்க வேண்டும். அமெரிக்க 2600 என்றால் 2 அல்லது 3-ஆம் சேனல். எது என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் பெட்டியிலேயே உண்டு. கூடவே வரும் 'டிவி/கேம்' சுவிட்ச் பெட்டி துருப்பிடித்துத் தொல்லை தரும். ஆர்சிஏ-யை ஆன்டெனா பின்னாக மாற்றும் சின்ன அடாப்டர் வாங்கி அதை ஓரங்கட்டிவிடலாம்.

ஃபேமிகாம் ஒளிபரப்புவது ஜப்பானின் 1, 2-ஆம் சேனல்களில், அதாவது 91.25, 97.25 மெகாஹெர்ட்ஸ். நம் ஊர் டியூனர் அந்த இடத்தைத் தேடாமலே தாண்டிப் போகலாம். அப்படியானால் பெட்டிக்குள் காம்போசிட் வெளியீடு, அதாவது டிவியின் மஞ்சள் சாக்கெட்டுக்கு நேராகப் போகும் வீடியோ, எடுத்துக்கொடுக்கும் வேலையைச் செய்வதே மேல்.

படம் உண்டு, நிறம் இல்லை, ஒலியும் இல்லை

அமெரிக்க, ஜப்பானியப் பெட்டிகள் என்டிஎஸ்சி முறையில் பேசுபவை. இந்தியாவிலும் இலங்கையிலும் அனலாக் டிவி பால்-பி. நிற முறை வேறு என்பதால் படம் கறுப்பு வெள்ளையாக வரும். ஒலிக்குக் காரணம் இன்னொன்று: படத்துக்கும் ஒலிக்கும் இடையே அமெரிக்க முறை விடும் இடைவெளி 4.5 மெகாஹெர்ட்ஸ், நம் முறை விடுவது 5.5. டிவி தப்பான இடத்தில் காது வைத்துக் கேட்கிறது. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. பல முறைகளையும் எடுத்துக்கொள்ளும் மல்டி சிஸ்டம் டிவியில் போட்டுப் பாருங்கள்.

நிறம் மட்டும் இல்லை, அதுவும் அடாரி என்றால், முதலில் மேலே இருக்கும் கலர்/பிளாக் அண்ட் ஒயிட் ஸ்விட்சைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பது. அந்த ஸ்விட்ச் நேராக நிறத்தை வெட்டுவதில்லை. கேம் புரோகிராம் அதைப் படித்துப் பார்த்து எந்த நிறத் தொகுப்பைக் காட்டுவது என்று முடிவு செய்கிறது. அதைக் கண்டுகொள்ளாத கேம்களும் உண்டு. ஆகவே ஸ்விட்சைத் தட்டியும் மாற்றமில்லை என்றால் வேறு கேமில் முயன்றுவிட்டே முடிவுக்கு வாருங்கள். ஸ்விட்ச் சரி, எல்லாக் கேமிலும் நிறம் பிசகுகிறது என்றால் போர்டில் நிறத்துக்கென்று ஒரு சிறிய திருகு பொட்டென்ஷியோமீட்டர் உண்டு. அதை மிக மெதுவாக, மயிரிழை அளவு திருப்பிப் பாருங்கள்.

மேக்னவாக்ஸ் ஒடிஸி கையில் இருந்தால் இந்தப் பகுதி முழுவதையும் மறந்துவிடலாம். ரால்ஃப் பேயர் வடிவமைத்த முன்மாதிரியிலிருந்து பிறந்து 1972-இல் விற்பனைக்கு வந்த அந்த முதல் வீட்டுக் கன்சோலில் ஒலியும் இல்லை, நிறமும் இல்லை, பிராசசரும் இல்லை. சில வெள்ளைக் கட்டங்களும் ஒரு கோடும்தான். நிறம் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் தாளை டிவி கண்ணாடி மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனுடைய கேம் கார்டுக்குள் மெமரி எதுவும் இராது. எந்தச் சுற்றை எதோடு இணைப்பது என்ற கம்பித்தடம் மட்டுமே. எனவே கார்டைச் செருகியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், கார்டின் விளிம்பையும் உள்ளே இருக்கும் 6 பேட்டரியின் காண்டாக்டையும் துடைப்பதோடு உங்கள் கடமை பெரும்பாலும் முடிந்தது.

1976-இல் வந்த ஃபேர்சைல்ட் சேனல் எஃப்-இல் டிவியிலிருந்து ஒலி வராது. முதல் மாடலில் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஜெர்ரி லாசன் தலைமையில் உருவான இந்தப் பெட்டிதான் மெமரி சிப் வைத்த கேட்ரிட்ஜை வீட்டுக்குக் கொண்டுவந்தது. நாம் 'கேசட்' என்று சொல்லி வளர்ந்த சமாச்சாரத்தின் தாத்தா.

படம் உருளுகிறது, ஓரத்தில் கறுப்புப் பட்டை, நிறம் தானாக மாறுகிறது (அடாரி 2600)

மூன்று அறிகுறிகள், மூன்றுக்கும் வேர் ஒன்று. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2600 வெளிவந்தது 1977-இல். திரையில் தெரியும் படத்தின் அளவு 160-க்கு 192 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு பிட் என்று வைத்தாலும் முழுப் படத்தைச் சேமிக்க 3,840 பைட் வேண்டும். பெட்டியில் இருக்கும் மெமரி மொத்தம் 128 பைட். கிலோபைட் இல்லை, பைட். அதற்குள் ஸ்கோரும் எதிரிகளின் இடமும் மற்ற கணக்கும் அடங்க வேண்டும். படத்தைச் சேமித்து வைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

அதனால் ஜே மைனரும் ஜோ டெக்யூரும் வடிவமைத்த டிஐஏ என்ற சிப் ஒரே ஒரு கோட்டை மட்டும் அறிந்திருக்கும். இரண்டு ஆட்டக்கார உருவம், இரண்டு ஏவுகணை, ஒரு பந்து, ஒரு பின்புலம், அவ்வளவுதான். டிவியின் எலக்ட்ரான் கதிர் ஒரு கோட்டை வரைந்து முடிப்பதற்குள் அடுத்த கோட்டில் என்ன வர வேண்டும் என்று 6507 பிராசசர் டிஐஏ-வுக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு கோட்டுக்கு அதற்குக் கிடைப்பது 76 கடிகாரத் துடிப்பு. 192 கோடும் இப்படித்தான், விநாடிக்கு 60 தடவை. கேமின் மூளை வேலையெல்லாம் கதிர் திரைக்கு வெளியே இருக்கும் மீதி எழுபது கோட்டு நேரத்தில் நடந்தாக வேண்டும்.

இப்போது அறிகுறிக்கு வருவோம்.

ஒரு கேமில் மட்டும் படம் மேலும் கீழும் உருளுகிறது அல்லது குதிக்கிறது: ஒரு படம் முடிந்தது, அடுத்ததைத் தொடங்கு என்று டிவிக்குச் சொல்லும் சைகையை 2600-இல் கேம் புரோகிராமே உண்டாக்குகிறது. 262 கோடு எண்ணி அனுப்ப வேண்டியது அதன் பொறுப்பு. கணக்கு சற்றுப் பிசகினாலும் அந்தக் காலத்துப் பிக்சர் டியூப் டிவி அனுசரித்துப் போனது. எல்சிடி டிவி போகாது. உருட்டும், சில சமயம் 'சிக்னல் இல்லை' என்றே சொல்லிவிடும். எல்லாக் கேமும் உருண்டால் பெட்டியைத் திறங்கள். ஒன்று மட்டும் என்றால் டிவியை மாற்றிப் பாருங்கள்.

இடது ஓரத்தில் சீப்புப் பல்லைப் போலக் கறுப்புக் கோடுகள்: உருவங்களை நுணுக்கமாக நகர்த்தும் கட்டளையை ஒரு கோட்டின் தொடக்கத்தில் கொடுத்தால் டிஐஏ அந்தக் கோட்டின் முதல் எட்டுப் புள்ளியைக் கறுப்பாக்கிவிடும். சில புரோகிராமர்கள் ஒவ்வொரு கோட்டிலும் அதே கட்டளையைக் கொடுத்துச் சீப்பை ஒரே சீரான பட்டையாக ஆக்கிக்கொண்டார்கள். புத்திசாலித்தனம்தான். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

விளையாடாமல் விட்டால் நிறம் தானாக மாறுகிறது: பிக்சர் டியூபில் ஒரே படம் நின்று தழும்பு விழாமல் இருக்க வேண்டுமென்றே செய்தது. செஸ் கேமில் பெட்டி யோசிக்கும்போது திரை முழுவதும் நிறம் நிறமாக அடிக்கிறதா? அதுவும் சரிதான். யோசிப்பதும் வரைவதும் ஒரே பிராசசர். யோசிக்கும்போது அது வரைவதை நிறுத்திவிடுகிறது.

உருவங்கள் மினுக்குகின்றன

1982-இல் 2600-க்கு வந்த பேக்மேனில் பேய்கள் மினுக்கும். ஆட்டக்கார உருவம் இரண்டுதான், பேய்கள் நான்கு. ஆகவே முறைவைத்து ஒரு படத்துக்கு ஒன்றாகக் காட்டுகிறார்கள். என்இஎஸ்-இல் 64 உருவம் வரை வைக்கலாம் என்றாலும் ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் தெரியாது. கூட்டம் கூடும்போது மினுக்குவது அதனால்தான். சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3-இல் ஓடும்போது வலது ஓரத்தில் நிறம் பிசகுவதும் கேமோடு பிறந்தது.

ஜாய்ஸ்டிக் பேச்சைக் கேட்கவில்லை

அடாரியில் இதைக் கண்டுபிடிப்பது சுகமான வேலை, ஏனென்றால் வயர்கள் போகும் இடம் வேறு வேறு. நான்கு திசைகளும் ரயட் எனப்படும் 6532 சிப்புக்குப் போகின்றன. சுடும் பட்டனும், பேடில் எனப்படும் திருகு கன்ட்ரோலரும் டிஐஏ-வுக்குப் போகின்றன. செலக்ட், ரீசெட் ஸ்விட்சுகள் மறுபடி ரயட்டுக்கு.

முதலில் வேறு ஜாய்ஸ்டிக்கைப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் சேகா ஜெனிசிஸ் பேடைச் செருகுங்கள். அதன் பி பட்டன் சுடும். அதில் எல்லாம் சரியாக வந்தால் குற்றவாளி பழைய ஜாய்ஸ்டிக்தான். திறந்தால் தண்டின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பகுதி உடைந்திருக்கும், அல்லது உலோகக் குமிழ்கள் அழுக்கேறி இருக்கும், அல்லது வயர் வெளியே வரும் இடத்தில் உள்ளுக்குள் அறுந்திருக்கும்.

எந்த ஜாய்ஸ்டிக்கிலும் திசை வரவில்லை, செலக்டும் ரீசெட்டும் வேலை செய்யவில்லை, பட்டன் மட்டும் வேலை செய்கிறது என்றால் ரயட். திசையெல்லாம் சரி, பட்டன் மட்டும் இல்லை என்றால் டிஐஏ பக்கம் தேடுங்கள். ஆறு ஸ்விட்ச் கொண்ட ஆரம்ப மாடல்களில் பெரிய சிப்புகள் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். மாற்றுவதற்கு முன் ஒருமுறை மெதுவாக எடுத்து மறுபடி அழுத்திப் பாருங்கள், பல வருடத் துரு அதிலேயே விலகிவிடும். பேடிலைத் திருகும்போது உருவம் நடுங்கினால் அது உள்ளே இருக்கும் 1 மெகாஓம் பொட்டென்ஷியோமீட்டரின் அழுக்கு, சிப் அல்ல.

சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது (என்இஎஸ்)

பழைய கன்சோல்களின் கோளாறுகளில் மிகப் பிரபலமானது இதுதான். எனக்கு இது கோளாறாகவே படவில்லை. வியாபார முடிவு ஒன்று விளக்காக எரிகிறது.

1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. கடைக்காரர்கள் அந்தப் பொருளைத் தொடவே தயங்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஜப்பானில் மாசாயுகி உவேமுராவின் ஃபேமிகாம் வெளிவந்து நன்றாக ஓடியது. அதில் கேட்ரிட்ஜ் மேலிருந்து நேராக இறங்கும். 1985-இல் அதை என்இஎஸ் என்ற பெயரில் நியூயார்க்குக்குக் கொண்டுபோனபோது, வீடியோ கேம் போலத் தெரியக்கூடாது என்பதற்காக நிண்டெண்டோவின் வடிவமைப்பாளர் லான்ஸ் பார் அதற்கு விசிஆர் (வீடியோ கேசட் ரெக்கார்டர்) தோற்றம் கொடுத்தார். கேட்ரிட்ஜ் முன்பக்கம் உள்ளே போய், பிறகு கீழே அழுத்தப்படும். அந்த அழுத்தத்தில் 72 பின் கனெக்டரின் வில் போன்ற கால்கள் நாளாக ஆக வளைந்து தளர்ந்துவிடுகின்றன.

தளர்ந்த கனெக்டர் மட்டும் என்றால் படம் சிதறும், அவ்வளவே. விளக்கு மினுக்கக் காரணம் இரண்டாவது முடிவு: அனுமதியில்லாத கேம்களைத் தடுக்கப் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப், கேட்ரிட்ஜுக்குள் ஒரு சாவிச் சிப். இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு அறுந்தால் பூட்டுச் சிப் விநாடிக்கு ஒருமுறை பெட்டியை ரீசெட் செய்யும். கேட்ரிட்ஜே இல்லாமல் போட்டாலும் இதேதான் நடக்கும்.

அறிகுறியை இப்படிப் பிரியுங்கள்:

- விளக்கு மினுக்குகிறது: பூட்டும் சாவியும் பேசவில்லை.
- விளக்கு நிலையாக எரிகிறது, திரை ஒரே நிறம்: பூட்டு திறந்துவிட்டது, ஆனால் புரோகிராம் மெமரியின் பின்கள் தொடவில்லை.
- பாட்டு கேட்கிறது, கேம் ஓடுகிறது, படம் மட்டும் குப்பை: படம் வைத்திருக்கும் மெமரியின் பின்கள் தொடவில்லை. என்இஎஸ்-இல் புரோகிராமுக்கும் படத்துக்கும் கேட்ரிட்ஜில் தனித்தனிப் பாதை.

மூன்றுக்கும் மருந்தின் தொடக்கம் ஒன்றே. ஊதாதீர்கள். ஊதினால் வேலை செய்தது போலத் தோன்றக் காரணம், வெளியே எடுத்து மறுபடி செருகியபோது பின்கள் வேறு இடத்தில் தொட்டதுதான். எச்சில் ஈரம் பின்னை அரிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இயர் பட்டை நனைத்துக் கேட்ரிட்ஜ் பின்களைத் துடையுங்கள், கறுப்பு வருவது நிற்கும்வரை. ரப்பர் போட்டுத் தேய்ப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மேல்பூச்சும் சேர்ந்து போய்விடும்.

கேட்ரிட்ஜைச் சுத்தம் செய்தும் தீரவில்லையா? கனெக்டரைக் கழற்றிக் கொதிநீரில் சில நிமிடம் போட்டு, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். கேட்கவே ஒருமாதிரி இருக்கும், ஆனால் பழுதுபார்ப்பவர்கள் பலரும் செய்வதுதான். புதிய மாற்றுக் கனெக்டர்களும் கிடைக்கும். அவற்றில் பல கேட்ரிட்ஜை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு விடாது என்பதால், பழையதைக் காப்பாற்ற முடிந்தால் அதையே காப்பாற்றுங்கள்.

கடைசி வழி பூட்டுச் சிப்பின் 4-ஆவது காலை வெட்டிவிடுவது. அதன் பிறகு மினுக்கல் நின்றுவிடும். தொடாத பின் தொடாத பின்னாகவே இருக்கும் என்பதால் சுத்தம் செய்யும் வேலையிலிருந்து தப்ப முடியாது. 1993-இல் நிண்டெண்டோவே மேலிருந்து செருகும் புதிய மாடலை அந்தச் சிப் இல்லாமல் விட்டது.

தொண்ணூறுகளில் நம் ஊர் வீடுகளில் டிவியோடு மாட்டி விளையாடிய பெட்டிகளில் இந்த நோய் வந்ததில்லை. அவை ஃபேமிகாமின் நகல்கள். 60 பின், மேலிருந்து செருகல், பூட்டும் கிடையாது. அவற்றில் பலவற்றில் எல்லாச் சிப்பும் ஒரே கறுப்புப் பிசின் பொட்டுக்குள் அடக்கம் என்பதால், அந்தப் பொட்டு போனால் போனதுதான். பவர் சாக்கெட், கன்ட்ரோலர் வயர், ரெகுலேட்டர் மூன்றையும் பார்த்துவிட்டுக் கைவிடுங்கள். 9999 கேம் என்று எழுதியிருக்கும் கேசட்டில் பத்து இருபதுக்குப் பிறகு அதே கேம்கள் திரும்பத் திரும்ப வருவதும் பழுதில் சேராது.

துப்பாக்கி சுடவில்லை

என்இஎஸ்-இல் வாத்து சுடும் கேமான டக் ஹன்ட்டின் துப்பாக்கி எல்சிடி டிவியில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி அதைப் பார்க்கும். பிக்சர் டியூபின் கதிர் கோடு கோடாக வரையும்போது உண்டாகும் 15 கிலோஹெர்ட்ஸ் துடிப்புக்கு அதன் சுற்று இசைக்கப்பட்டிருக்கிறது. எல்சிடியில் அந்தத் துடிப்பும் இல்லை, படம் வந்து சேரவும் தாமதம். பிக்சர் டியூப் டிவியிலும் சுடவில்லை என்றால் மட்டும் துப்பாக்கியைத் திறந்து லென்ஸைத் துடையுங்கள். டிவியை மட்டும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் அதற்குள் உயிர்போகும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

சேமித்த ஆட்டம் மறந்துபோகிறது

1987-இல் அமெரிக்காவுக்கு வந்த செல்டா போன்ற கேட்ரிட்ஜ்களுக்குள் ஒரு 3 வோல்ட் வில்லை பேட்டரி இருக்கிறது. அணைக்கும்போது ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே பவரை அணைத்தீர்களா என்று முதலில் கவனியுங்கள். மின்சாரம் இறங்கும் அந்த ஒரு கணத்தில் பிராசசர் கண்டபடி எழுதிச் சேமிப்பைக் கெடுத்துவிடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. அப்படிச் செய்தும் மறந்தால் பேட்டரியை அளந்து பாருங்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்ற வேண்டும். கழற்றியதும் உள்ளே மிச்சமிருக்கும் சேமிப்பும் போய்விடும் என்பதைக் கேட்ரிட்ஜின் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உலோகக் கால் ஒட்டிய சிஆர்2032 பேட்டரியாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண வில்லை மேல் நேராகச் சால்டர் வைத்தால் சூட்டில் அது வெடிக்கக்கூடும். பழைய பேட்டரியின் பிளஸ் பக்கம் எது என்பதைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.